லபுவான் பாஜோவிலிருந்து கொமோடோ தீவுகளுக்கு: படகுப் பயணக் கேள்வி பதில்

இந்தோனேசியாவில் சும்பாவாவுக்கும் ஃபுளோரஸுக்கும் நடுவே இருக்கும் கொமோடோ தேசியப் பூங்காவை, ஃபுளோரஸின் துறைமுக ஊரான லபுவான் பாஜோவிலிருந்து கிளம்பி, படகிலேயே தங்கிச் சுற்றிப் பார்ப்பது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணா, நானும் மனைவியும் முதல் தடவை போகிறோம். ஒரு நாள் ஸ்பீட்போட் போதுமா, மூன்று நாள் படகில் தங்கணுமா?

இரண்டு இரவு தங்குங்கள். ஒரே நாளில் பாடார், கொமோடோ, பிங்க் பீச், மந்தா என்ற பெரிய திருக்கை மீன்கள் வரும் மந்தா பாயின்ட் என்று ஓடினால் எல்லா இடத்துக்கும் மற்ற ஸ்பீட்போட்டுகள் வரும் அதே நேரத்தில்தான் நீங்களும் போய் இறங்குவீர்கள், நடுவில் இருக்கும் நேரமெல்லாம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். படகிலேயே தங்கினால் முதல் நாள் மதியம் கிளம்பி கெலோர் தீவில் ஒரு குளியல், சாயங்காலம் கலோங் தீவுக்கு முன்னால் நங்கூரம். இருட்டும் நேரத்தில் அங்கே உள்ள அலையாத்திக் காட்டிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். மறுநாள் விடியும் முன்பே பாடார் மலை ஏறலாம், மேலே நின்றால் மூன்று கடற்கரைகள் ஒரே பார்வையில் தெரியும். அப்புறம் கொமோடோ தீவு, பிங்க் பீச், மந்தா. மூன்றாம் நாள் கனாவா பக்கம் பவளப்பாறை பார்த்துவிட்டு மதியம் கரைக்கு வரலாம்.

ஆனால் எந்தத் தீவு என்பதற்கு முன்னால் எந்தப் படகு என்று பாருங்கள். எல்லாப் படகும் அதே இடங்களுக்குத்தான் போகின்றன. வித்தியாசம் படகிலும் அதை ஓட்டுபவரிடமும்தான் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இரவில் படகு ஓடுமா, நிற்குமா? லைஃப் ஜாக்கெட் எத்தனை, எங்கே வைத்திருக்கிறார்கள்? கீழ்த்தள அறையிலிருந்து வெளியே வர இரண்டாவது வழி இருக்கிறதா? இவை மரப்படகுகள், ராத்திரி தீப்பிடித்தால் ஒரே ஒரு படிக்கட்டு போதாது. தூங்கும்போது தலைமாட்டில் போனையோ பவர் பேங்கையோ சார்ஜ் போட்டு வைக்காதீர்கள்.

கே: எந்த மாதம் நல்லது?

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மழை குறைவு. மழைக்காலம் முடிந்த கையோடு, ஏப்ரல், மே மாதங்களில் போனால் மலையெல்லாம் பச்சையாக இருக்கும், செப்டம்பரில் அதே மலை வைக்கோல் நிறத்துக்கு மாறியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருந்தாலும் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம். ஜனவரி, பிப்ரவரியை விட்டுவிடுங்கள். காற்றும் மழையும் சேர்ந்து வரும் அந்த மாதங்களில் துறைமுக அதிகாரி படகுகளுக்கு அனுமதியை நிறுத்தி வைப்பது வழக்கம்.

கே: எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. ஸ்நார்க்கலிங் செய்யலாமா?

செய்யலாம், இடம் பார்த்துச் செய்யுங்கள். கனாவா, கெலோர், பிங்க் பீச் மாதிரி கரையை ஒட்டிய இடங்களில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மிதக்கலாம். மந்தா பாயின்டில் வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். பசிபிக் பக்கம் கடல் மட்டம் இந்தியப் பெருங்கடல் பக்கத்தைவிட உயரம். அதனால் அந்தத் தண்ணீர் இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டே இருக்கிறது. கொமோடோ பக்கத்து நீரிணைகள் குறுகலானவை, அதன் மேல் ஏற்ற இறக்க ஓதமும் சேரும்போது தண்ணீர் ஆறு போல ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். நல்ல நீச்சல்காரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அங்கே நீரோட்டத்தோடு மிதந்து போய், பின்னாலேயே வரும் டிங்கி என்ற சின்னப் படகில் ஏறிக்கொள்வதுதான் முறை. டிங்கியை ஓட்டுபவர் கரையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இதே நீரோட்டம்தான் ஆழத்திலிருந்து சத்தைக் கொண்டுவந்து அங்கே உயிர்களை வாழவைக்கிறது. மந்தா வருவதே அந்த மிதவை உயிரிகளைத் தின்னத்தான். மந்தாவைத் தொடாதீர்கள், வழிமறிக்காதீர்கள். 2014 முதல் இந்தோனேசியாவில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

கே: டிசம்பர் கடைசியில் பள்ளி லீவு. அப்போது போகலாமா சார்?

மேலே மாதம் பற்றிச் சொன்னதைப் படியுங்கள். போயே ஆகவேண்டும் என்றால் பயணத்துக்குப் பின்னால் இரண்டு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். படகு கிளம்பாது என்றால் அந்த முடிவோடு சண்டை போடாதீர்கள்.

கே: சுத்த சைவம். மூன்று நாள் படகில் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். டெம்பே (நொதிக்க வைத்த சோயா), டோஃபு, காய்கறி, சோறு எல்லாம் அவர்களுக்கு அன்றாடச் சமையல்தான். கவனிக்க வேண்டியது தெராசி என்ற இறால் விழுது. சம்பலிலும் சில காய் வதக்கலிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். சமையல்காரரிடம் நேராகப் போய் "தன்பா தெராசி", அதாவது தெராசி இல்லாமல், என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கையில் இருந்தால் கவலையே இல்லை.

கே: லொம்போக் தீவிலிருந்து நான்கு நாள் படகில் லபுவான் பாஜோ வரை போகிறார்களே, மலிவாக இருக்கிறது. போகலாமா?

மலிவான படகில் போகாதீர்கள். சும்பாவாவின் வடகரை நெடுக இரவு முழுக்க ஓடவேண்டிய பாதை அது. திறந்த மேல்தளத்தில் வரிசையாக மெத்தை போட்டு ஆட்களைப் படுக்க வைத்து, ஒரே எஞ்சினை நம்பி ஓடும் படகுகள் அதில் நிறைய.

கே: நான் அதில் போய் வந்தவன். ஒன்றும் ஆகவில்லை, அருமையான அனுபவம். சும்மா பயமுறுத்துகிறீர்கள். அந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுகளாக அதே கடலில் ஓட்டவில்லையா?

ஓட்டினார்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. தெற்கு சுலவேசியின் படகு கட்டும் கலையை 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததே அதனால்தான். ஆனால் அந்த மாலுமிக்குக் காற்று சரியில்லை என்றால் கிளம்பாமல் இருக்கும் உரிமை இருந்தது. சுற்றுலாப் படகுக்கு நேர அட்டவணை இருக்கிறது, நான்காம் நாள் உங்களுக்கு விமானம் இருக்கிறது, அதனால் சந்தேகமான ராத்திரியிலும் எஞ்சினைப் போடுவார்கள். இன்னொன்று, சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய உருவத்தில் பாரம் அடியில் இருக்கும். அதே உருவத்தில் மேலே இரண்டு அடுக்கு ஏசி அறைகளைக் கட்டி, அதற்கும் மேலே தண்ணீர் டேங்கை வைத்தால் பாரம் மேலே ஏறிவிடும், பக்கவாட்டு அலையில் சாய்ந்த படகு நிமிர நேரமாகும். நீங்கள் பத்திரமாக வந்ததில் சந்தோஷம். ஆனால் நீங்கள் போன ராத்திரி கடல் எப்படி இருந்தது என்றுதான் அதிலிருந்து தெரியும், படகு எப்படிப்பட்டது என்று தெரியாது.

கே: அவர் கேட்டது நியாயம்தானே? பணம் இருப்பவர் நல்ல படகில் போவார். மாணவர்கள் என்ன செய்வது?

நியாயமான கேள்வி, அதற்கு வழியும் இருக்கிறது. சும்பாவாவை பஸ்ஸில் கடந்து சாப்பே துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லபுவான் பாஜோவுக்கு ஃபெர்ரி பிடியுங்கள். நீண்ட பயணம்தான், ஆனால் கடல் சரியில்லாதபோது ரத்து செய்துவிடுவார்கள், அந்தப் பழக்கத்தைத்தான் நான் மதிக்கிறேன். பிறகு ஊரில் மலிவான விடுதியில் தங்கி, துறைமுகத்துக்கு நடந்து போய் நான்கைந்து படகுகளை நேரில் ஏறிப் பார்த்து, ஒரே ஒரு இரவு பயணத்தை 'ஓபன் ட்ரிப்'பில் எடுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்து போவதால் செலவு குறையும்.

கே: நேரில் பார்த்தால் எனக்கென்ன தெரியும், நான் என்ன மாலுமியா?

தெரியும். ஜாக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் அளவு இருக்கிறதா பாருங்கள். தீயணைப்பான் எங்கே என்று கேளுங்கள். ரேடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் அறையில் எண்ணெய் தேங்கிக் கிடக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். கேப்டன் சலிக்காமல் காட்டினால் நல்ல அறிகுறி. "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அடுத்த படகுக்குப் போய்விடுங்கள்.

கே: கொமோடோ டிராகன் கடிக்குமா? குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கடிக்கும். மூன்று மீட்டர் வரை வளரும் பெரிய பல்லி, வேட்டை விலங்கு அது. எச்சிலில் உள்ள கிருமிதான் இரையைக் கொல்கிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், விஷச் சுரப்பி இருப்பதை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. கவைக்கோலோடு வரும் ரேஞ்சரை விட்டு விலகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள், ஓட விடாதீர்கள். மாதவிடாய் நாளாக இருந்தாலோ உடம்பில் புண் இருந்தாலோ ரேஞ்சரிடம் முன்பே சொல்லுங்கள், அவர் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். ரின்சா தீவில் உயரமான நடைபாதை கட்டியிருக்கிறார்கள், குழந்தையோடு போகிறவர்களுக்கு அது வசதி. ஜூலை, ஆகஸ்ட் இணை சேரும் காலம், அப்போது கண்ணில் படுவது கொஞ்சம் குறைவு.

கே: எந்த மாசம் போனா நல்லது சார்?

மேலே இரண்டு முறை இருக்கிறது.

கே: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

அடிக்கடி மாறும். 2022-ல் ஒரேயடியாக 37.5 லட்சம் ரூபியாவாக ஏற்றப் பார்த்து, உள்ளூர்ச் சுற்றுலாக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு அதைக் கைவிட்டார்கள். உங்கள் படகுக்காரர் சொல்லும் விலையில் பூங்காக் கட்டணமும் ரேஞ்சர் கட்டணமும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

கே: விசா?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா உண்டு. மற்றதெல்லாம் இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பாருங்கள்.

கே: வாந்தி வருமே, என்ன செய்வது?

மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி முன்பு போடுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. எந்த மாத்திரை என்று மருத்துவரிடம் கேளுங்கள். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். எஞ்சினுக்குப் பக்கத்து அறையை வாங்காதீர்கள், டீசல் வாடையே போதும் குமட்ட.

கே: மூன்றாம் நாள் மதியம் கரைக்கு வந்து மாலை நான்கு மணி விமானம் பிடிக்கலாமா?

கூடாது. திரும்ப நேரமானால் கேப்டனை அவசரப்படுத்துவீர்கள், அவரும் காத்திருக்க வேண்டிய நேரத்தில் நீரிணையைக் கடக்கப் பார்ப்பார். மறுநாள் விமானம் போடுங்கள். ஸ்கூபா செய்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு, பல முறை மூழ்கியிருந்தால் கடைசியாக மேலே வந்ததிலிருந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது.

கே: ராஜா அம்பாட் பற்றியும் சொல்லுங்களேன்.

அந்தக் கடல் எனக்குப் பழக்கமில்லை, அங்கே படகோட்டுபவர்களிடம் கேளுங்கள்.

கே: டிராலி பெட்டி கொண்டு போகலாமா?

வேண்டாம், மடிக்கக்கூடிய துணிப்பை போதும். அறையில் பெட்டியை விரித்து வைக்க இடமே இருக்காது, டிங்கியில் ஏற்றி இறக்கும்போது நனையும். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் தண்ணீர் புகாத பையில் தனியாகப் போட்டு, தூங்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.