மூணு வருஷம் தேடிக் கிடைச்ச பழைய மோட்டார் க்ரூசர், வெள்ளிக்கிழமை மீதிப் பணம் கேக்குறாங்க

கேள்வி: வணக்கம் மேடம். ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார் க்ரூசர் வாங்கணும்னு மூணு வருஷமா அலைஞ்சேன், இருபதுக்கு மேல பார்த்திருப்பேன், ஒண்ணும் அமையல. இப்பதான் மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு கிடைச்சிருக்கு. 10 மீட்டர் ஃபைபர் கிளாஸ் படகு, ரெண்டு டீசல் இன்ஜின். 10 சதவீதம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். கையில இருக்கறது ஒரே ஒரு ரசீது, அதுல "உள்ளது உள்ளபடி விற்பனை, முன்பணம் திருப்பித் தரப்படாது"ன்னு எழுதியிருக்கு. அப்புறம்தான் விக்கறவர் ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பரை காட்டுனாரு, பார்த்தா அவர் பேரோட அவர் தம்பி பேரும் இருக்கு. தம்பி ஒண்ணும் சொல்லமாட்டான்னு சொல்றாரு. படகோட நிலைமையை நிபுணர் வச்சு சோதிக்கற சர்வே புதுசா எதுக்கு, ரெண்டு வருஷம் முன்னாடி நான் எடுத்த ரிப்போர்ட்டே இருக்குன்னு அதையும் அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் பணம் வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சொல்றாரு. சர்வே எடுக்கணும்னு நான் பிடிவாதம் பிடிச்சா என் அட்வான்ஸ் போயிடுமா?

பதில்: வணக்கம் சார். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வெள்ளிக்கிழமை மீதிப் பணத்தைக் குடுக்காதீங்க. அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லைன்னு நான் சொல்ல வரல, அது போகாம இருக்க வழி இருக்கு. ஆனா இப்ப ஆபத்துல இருக்கறது அந்த 10 சதவீதம் இல்ல, நீங்க குடுக்கப்போற 90 சதவீதம்தான். மூணு வருஷம் தேடின களைப்புல இது கைவிட்டுப் போனா இன்னொண்ணு கிடைக்காதோன்னு உங்களுக்கு ஒரு பயம் வந்திருக்கு, உங்க மெயிலை படிச்சாலே தெரியுது. விக்கறவருக்கும் அது தெரிஞ்சிருக்கு, அதான் கிழமை குறிச்சு அவசரப்படுத்துறாரு. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

தம்பி விஷயத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்களுக்கு சாதகமான இடமே அதுதான். தன்கிட்ட இல்லாத உரிமையை யாராலயும் இன்னொருத்தருக்கு விக்க முடியாது, அனேகமா எல்லா நாட்டு சட்டத்துக்கும் இதுதான் அடிப்படை. பிரிட்டிஷ் மரபுல வந்த கப்பல் பதிவேட்டுல ஒரு கப்பலை 64 பங்கா பிரிச்சுத்தான் எழுதுவாங்க, 32 பங்கு வச்சிருக்கறவர் தன்னோட 32-ஐ விக்கலாம், மத்தவரோட 32-ஐ அவர் தொடவே முடியாது. உங்க விஷயத்துல தம்பி கையெழுத்து போடாம நீங்க முழுப் பணமும் குடுத்தீங்கன்னா, பாதிப் படகுக்கு முழு விலை குடுத்துட்டு முன்ன பின்ன தெரியாத ஒருத்தரோட கூட்டாளியா ஆயிடுவீங்க. வாய்வார்த்தையா "அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்"ங்கறது எந்த கோர்ட்டுலயும் நிக்காது. விக்கிற பத்திரத்துல தம்பியும் கையெழுத்து போடணும், இல்லன்னா அண்ணனுக்கு அவர் முறையா எழுதிக்குடுத்த பவர் இருக்கணும், பவர்னா அதோட ஒரிஜினலை நீங்க கண்ணால பார்க்கணும்.

இப்ப உங்க அட்வான்ஸுக்கு வருவோம். "திருப்பித் தரப்படாது"ங்கற வரி நீங்க காரணமில்லாம பின்வாங்கினா அவரைக் காப்பாத்தும், அதை நான் மறுக்கல. வாங்கறவர் வாக்கு மாறினா அட்வான்ஸ் போறது வழக்கம்தான். ஆனா முழுப் படகையும் விக்கறேன்னு பணம் வாங்கிட்டு முழு உரிமையையும் மாத்திக்குடுக்க முடியலன்னா, அங்க வாக்கு மாறினது அவர், நீங்க இல்ல. அப்போ அந்த வரியைக் காட்டி பணத்தை வச்சுக்க முடியாது. அதனாலதான் சர்வேயை மட்டும் வச்சு சண்டைக்குப் போகாதீங்கன்னு சொல்றேன். உங்க ரசீதுல சர்வேன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, அதை மட்டும் பேசினா நீங்கதான் புதுசு புதுசா நிபந்தனை போடறீங்கன்னு திருப்பிடுவாரு. தம்பி கையெழுத்தை முன்னால வைங்க, சர்வேயை அதோட சேர்த்துக் கேளுங்க.

அந்த பழைய ரிப்போர்ட்டைப் பத்தி. ரெண்டு வருஷத்துல ஒரு படகு எவ்வளவு மாறும்ங்கறது ஒரு பக்கம். சட்டப்படி இன்னொரு பெரிய ஓட்டை இருக்கு, சர்வேயர் யாருக்காக எழுதிக்குடுத்தாரோ, யார்கிட்ட ஃபீஸ் வாங்கினாரோ அவருக்குத்தான் பொறுப்பு. அவர் ஒரு பெரிய குறையைக் கவனிக்காம விட்டிருந்தா விக்கறவர் வேணா கேள்வி கேக்கலாம், நீங்க பொதுவா கேக்க முடியாது. உங்க பேர்ல, உங்க பணத்துல, நீங்களே தேடிப் பிடிச்ச சர்வேயர்தான் வேணும், விக்கறவரோ புரோக்கரோ கைகாட்டுற ஆளும் வேண்டாம். புரோக்கர் நல்லா பேசுவாரு, பழகுவாரு, ஆனா பெரும்பாலும் அவர் விக்கறவரோட ஏஜெண்ட். இன்னொண்ணு, வயசான படகுன்னா இன்சூரன்ஸ்காரங்களே பெரும்பாலும் புது சர்வே கேப்பாங்க, அதனால இந்த செலவு எப்படியும் வரப்போற செலவுதான்.

படகை தண்ணிக்கு மேல தூக்கி வச்சுத்தான் சர்வே பண்ணணும். ஃபைபர் கிளாஸ் ஹல்லுக்குள்ள, அதாவது படகோட உடம்புக்குள்ள, வருஷக்கணக்குல தண்ணி மெதுவா ஊறி, உள்ள மிச்சமிருக்கற கெமிக்கலோட சேர்ந்து அமிலமா மாறி, அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமா கிளம்பும், ஆஸ்மாசிஸ்னு சொல்வாங்க. அந்தக் கொப்புளத்தைக் குத்தினா வினிகர் மாதிரி புளிச்ச வாடை வரும். படகு தண்ணியில மிதக்கும்போது இதுல ஒண்ணு கூட கண்ணுக்குத் தெரியாது, ஆனா சரி பண்ணணும்னா ஹல்லை காயவைக்கறதுக்கே மாசக்கணக்கு ஆகலாம். "உள்ளது உள்ளபடி"ன்னு கையெழுத்து போட்டு தனி ஆள்கிட்ட வாங்கிட்டா, அவர் பொய் சொன்னார்னு நீங்க நிரூபிச்சா ஒழிய, அந்த செலவு உங்க தலையிலதான். வியாபாரமா படகு விக்கிற கம்பெனின்னா தரமான பொருளா இருக்கணும்ங்கற பொறுப்பை பல நாடுகள்ல சட்டமே அவங்க மேல போடும். தன்னோட சொந்தப் படகை விக்கிற தனி ஆளுக்கு பெரும்பாலும் அந்தப் பொறுப்பு கிடையாது, வாங்கறவர்தான் உஷாரா இருக்கணும். சில நாட்டு சட்டம் மறைஞ்சிருக்கற குறைக்கு தனி ஆளையும் விடாது, உங்க ஊர் வக்கீல்கிட்ட இந்த ஒரு பாயிண்டை மட்டும் கேட்டு வச்சுக்குங்க.

டெஸ்ட் ஓட்டத்துக்குப் போகும்போது அவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நீங்களே கீழ இறங்கி ரெண்டு இன்ஜின் மேலயும் கை வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காருன்னு அர்த்தம், காலையில ஸ்டார்ட் ஆகறதுல இருக்கற பிரச்சனை உங்க கண்ணுல படக்கூடாதுன்னு கூட அப்படி செய்வாங்க. அன்னைக்கு கிளம்பி வந்துட்டு வேற நாள் வர்றேன்னு சொல்லுங்க.

அப்புறம் வில்லங்கம். வீடு வாங்கினா வில்லங்கம் பார்க்காம வாங்குவோமா? படகுக்கு அது இன்னும் முக்கியம், ஏன்னா சில கடன்கள் ஆளை விட்டுட்டு படகைத்தான் பிடிச்சுக்கும். போல்ட் பக்ளூன்னு ஒரு நீராவிக் கப்பல், இங்கிலாந்துல ஹம்பர் பக்கம் இன்னொரு கப்பல் மேல மோதிடுச்சு, அதுக்கப்புறம் மோதின விஷயமே தெரியாத ஒருத்தர் அந்தக் கப்பலை விலைக்கு வாங்கிட்டாரு. 1851-ல அங்க மேல்முறையீட்டை விசாரிச்ச பிரிவி கவுன்சில் என்ன சொல்லுச்சுன்னா, நஷ்ட ஈட்டுக்கான உரிமை கப்பலோடவே பயணம் பண்ணும், யார் கைக்கு மாறினாலும் விடாதுன்னு. கப்பலோடவே போற அந்த உரிமைக்குத்தான் மாரிடைம் லியன்னு பேரு, அது இன்னைக்கும் உயிரோட இருக்கு. 1993-ல வந்த சர்வதேச உடன்படிக்கையில ஊழியர் சம்பளம், விபத்துல உயிர்ச்சேதம் காயம், மீட்புக் கூலி, துறைமுகக் கட்டணம், மோதல் மாதிரி சேதம்னு இதெல்லாம் வரிசையா இருக்கு, ஒரு வருஷத்துக்குள்ள படகை ஜப்தி பண்ணலன்னா அந்த உரிமை காலாவதியாகும்னும் இருக்கு. எல்லா நாடும் அதுல சேரல, அதனால அந்த ஒரு வருஷக் கணக்கை மட்டும் நம்பி இருந்துடாதீங்க. இந்த லியன்கள் பெரும்பாலும் பதிவேட்டுல ஏறாது. பேங்க் கடன், அடமானம் இதெல்லாம் பதிவேட்டுல தேடினா கிடைக்கலாம், ஆனா சின்னப் படகுகளுக்கான சில பதிவேடுகள் வெறும் அடையாளத்துக்கு மட்டும்தான், யார் ஓனர்ங்கறதுக்கே அது ஆதாரம் ஆகாது. அதனால அந்த ஒரு காகிதத்தோட நிக்காம பழைய கிரயப் பத்திரங்களை ஒவ்வொண்ணா கேட்டு வாங்குங்க, முதல் ஓனர்ல இருந்து இவர் வரைக்கும் சங்கிலி அறுபடாம வரணும்.

என் கிளையண்ட் ஒருத்தர் முழுப் பணத்தையும் கட்டிட்டு சாவியோட படகு நிறுத்தியிருந்த யார்டுக்குப் போனாரு, யார்டுக்காரங்க படகை வெளிய விடல. பழைய ஓனர் பல மாசமா நிறுத்தின வாடகையும் ரிப்பேர் பில்லும் கட்டல. வேலை செஞ்சவன் கூலி வர்ற வரைக்கும் பொருளைப் பிடிச்சு வச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு, அதுல தப்பே சொல்ல முடியாது. என் கிளையண்ட் அழாத குறையா அந்த பில்லை கட்டித்தான் படகை எடுத்தாரு, பழைய ஓனர்கிட்ட இருந்து அதை வாங்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. பாக்கி எதுவும் இல்லன்னு ஒரே ஒரு நோ டியூ லெட்டர் முன்னாடியே வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். நீங்க மறக்காம அந்த லெட்டரை வாங்குங்க, படகு நிக்கிற இடத்துல இருந்தும், கடைசியா ரிப்பேர் பார்த்த இடத்துல இருந்தும்.

படகோட அடையாள எண்ணான ஹல் நம்பரையும் பாருங்க. படகோட பின்பக்கப் பலகையில, வலது பக்கம் மேல இருக்கும், 12 இல்லன்னா 14 எழுத்து எண், பேப்பர்ல இருக்கறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாக்கணும். விரலால தடவிப் பாருங்க, சுத்தி மட்டும் பெயின்ட் புதுசா வழவழன்னு இருந்தாலோ, ரிவெட் மட்டும் பளபளன்னு இருந்தாலோ சர்வேயர்கிட்ட சொல்லுங்க, உள்ள மறைவான இடத்துல அதே நம்பர் ரெண்டாவது தடவை இருக்கும், அதைத் தேடிப்பார்ப்பாரு. இன்ஜின் நம்பரும் அதே மாதிரி.

அவர் வாட்ஸ்அப்ல என்னென்ன சொன்னாருன்னு நீங்க எழுதல. "சூப்பர் படகு, இப்படி ஒண்ணு கிடைக்காது"ங்கறதெல்லாம் வியாபாரப் பேச்சு, அதை வச்சு கேஸ் போட முடியாது. "ரெண்டு இன்ஜினும் போன வருஷம் ஓவர்ஹால் பண்ணது", "ஹல்லுல ஒரு ரிப்பேரும் பண்ணதில்ல"ன்னு சொல்லியிருந்தா அது உண்மையா பொய்யான்னு நிரூபிக்கக்கூடிய பேச்சு, அதை நம்பித்தான் வாங்கினேன்னு நீங்க சொல்லலாம். சாட்டை அழிக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க. அந்த வார்த்தைகளை அக்ரிமெண்டுக்குள்ளயே எழுதிட்டா இன்னும் பலம், ஏன்னா இதுல எழுதினதைத் தவிர வேற பேச்சு எதுவும் செல்லாதுன்னு சில அக்ரிமெண்ட்ல ஒரு வரி ஒளிஞ்சிருக்கும்.

அக்ரிமெண்ட்னு ஒண்ணு கட்டாயம் போடுங்க, ரசீதோட விடாதீங்க. சர்வேயும் டெஸ்ட் ஓட்டமும் திருப்தியா இருந்தாத்தான் வாங்குவேன், பெரிய குறை வந்தா நான் விலகலாம், இல்ல விலையைக் குறைக்கலாம், இல்ல அவர் சரி பண்ணித் தரணும், விலகினா அட்வான்ஸ் முழுசா இத்தனை நாளுக்குள்ள திரும்ப வரணும், இதுதான் அதோட உயிர். எது பெரிய குறைன்னு ஒரு அளவும் எழுதுங்க, விலையில இத்தனை சதவீதத்துக்கு மேல ரிப்பேர் செலவு ஆனா அது பெரிய குறைன்னு, இல்லன்னா பின்னாடி அதுக்கே ஒரு சண்டை. தூக்கி இறக்கற செலவு உங்களோடது, ஒத்துக்குங்க. கூட வர்ற சின்னப் படகு, நேவிகேஷன் செட், நங்கூரம் எல்லாம் லிஸ்டா பின்னாடி சேரணும். வில்லங்கம் எதுவும் இல்ல, பின்னாடி வந்தா நாங்களே கட்டுறோம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எழுதிக்குடுக்கணும். மீதிப் பணமும் கிரயப் பத்திரமும் சாவியும் ஒரே நேரத்துல கை மாறணும், பணம் பேப்பர்ல ஓனரா இருக்கறவங்க அக்கவுண்டுக்கு மட்டும் போகணும்.

இன்னைக்கே அவருக்கு எழுத்துல ஒண்ணு அனுப்பிடுங்க, போன்ல பேசாதீங்க. இப்படி இருக்கட்டும்: "படகை வாங்க நான் தயாரா இருக்கேன், பணமும் தயார். பதிவுல உங்க தம்பியும் ஓனரா இருக்கறதால அவர் கையெழுத்து இல்லாம விற்பனை முடியாது. அவர் சம்மதத்தை எழுத்துல அனுப்புங்க. அது வந்த நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள என் செலவுல சர்வேயும் டெஸ்ட் ஓட்டமும் முடிச்சுட்டு மீதித் தொகையைத் தர்றேன். இதுக்கு முடியாதுன்னா என் அட்வான்ஸை திருப்பி அனுப்புங்க." முதல் வரியை மட்டும் எடுத்துடாதீங்க, நாளைக்கு நீங்கதான் பின்வாங்கினீங்கன்னு அவர் சொன்னா உங்க பக்கம் பேசப்போறது அந்த வரிதான். அவர் பதில் வந்ததும், ரசீதோட போட்டோவையும் சேர்த்து எனக்கு அனுப்புங்க, அக்ரிமெண்ட் டிராஃப்டை நான் பார்த்துத் தர்றேன்.