ரெண்டு நாள்ல சென்னை: ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்

தென்காசியில இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறி சனி ஞாயிறு சென்னை பாத்துட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரியே திரும்பணும். நானு, வீட்டம்மா, 11 வயசு பையன், 7 வயசு பொண்ணு, முட்டி வலி உள்ள எங்கம்மா. மெரினா, மியூசியம், மயிலாப்பூர் கோயில், தி.நகர், வண்டலூர் ஜூ, மாமல்லபுரம் எல்லாம் முடியுமா?"

வண்டலூரை மட்டும் விட்டுருங்கண்ணே, மத்ததெல்லாம் முடியும். ஆனா நீங்க எழுதின வரிசையில போனா முடியாது. சென்னையில இடத்தை எண்ணி பிளான் போடக்கூடாது, அது எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்து போடணும். சனிக்கிழமை முழுக்க ஊருக்குள்ள, ஞாயித்துக்கிழமை முழுக்க ஈசிஆர் (மாமல்லபுரம் போற கிழக்குக் கடற்கரை ரோடு) பக்கம், அவ்ளோதான். தெக்க இருந்து வர்ற குடும்பங்களுக்கு வருஷக்கணக்கா நான் போட்டுக் குடுக்குறது இதுதான்.

முதல்ல டிக்கெட். இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் ஓப்பன் ஆகுது, சனி ஞாயிறை ஒட்டி வர்ற டிக்கெட் சீக்கிரம் தீந்துரும், அதனால போக வர ரெண்டையும் ஓப்பன் ஆகுற அன்னைக்கே போட்டுருங்க. அம்மாவுக்கு லோயர் பெர்த். எழும்பூர் ஸ்டேஷன்ல மறுசீரமைப்பு வேலை நடக்குது, சில வண்டிய தாம்பரத்தோட நிறுத்திடுறாங்க, கிளம்புற முன்னாடி ஒருவாட்டி செக் பண்ணிக்குங்க. டிக்கெட் கிடைக்காம பஸ்ல வந்தீங்கன்னா தெக்கத்தி பஸ்ஸுக்கெல்லாம் இப்ப வண்டலூர் பக்கத்துல இருக்குற கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுதான், அங்கேர்ந்து எழும்பூர் வந்து சேரவே நல்ல நேரம் ஆயிரும்.

ரூம் எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்துலயே போடுங்க, கென்னட் லேன்ல வரிசையா லாட்ஜ் இருக்கு. போன் பண்ணும்போது வாடகைக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி, "24 மணி நேர செக்-அவுட்டா, இல்ல மதியம் 12 மணி செக்-அவுட்டா?" ஏன்னா நீங்க காலையில ஆறரை ஏழுக்கு ரூமுக்குள்ள போவீங்க. 12 மணி கணக்கு வச்சிருக்குற லாட்ஜ்ல அன்னைக்கு மதியத்தோட ஒரு நாள் முடிஞ்சிரும், ரெண்டு நாள் வாடகை கேப்பாங்க. 24 மணி நேரம்னா சனி காலையில போட்ட ரூமை ஞாயிறு காலையில அதே நேரத்துக்கு காலி பண்ணிட்டு ஒரு நாள் வாடகையோட கிளம்பிரலாம். இந்த பிளானே அதை வச்சுதான்.

சனிக்கிழமை குளிச்சு டிபன் முடிச்சுட்டு ஒம்பதரைக்கு மியூசியம், பாந்தியன் ரோட்டுல பக்கத்துலதான் இருக்கு. வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால உங்களுக்கு பிரச்சனை இல்ல. 1851ல ஆரம்பிச்ச மியூசியம், ஒரே நாள்ல எல்லா கட்டடமும் ஏறி இறங்க நினைக்காதீங்க. பிள்ளைங்களுக்கு திமிங்கல எலும்புக்கூடு, பெரியவங்களுக்கு வெங்கலச் சிலைக் கூடம், இது ரெண்டும் போதும். அங்க திருவாலங்காட்டு நடராஜர் இருக்காரு. அவரு முன்னாடி அஞ்சு நிமிஷமாவது நில்லுங்க, தூக்கின காலு, ஊணின காலு, ரெண்டுக்கும் நடுவுல ஒடம்பு நிக்கிற நிதானத்தை பாருங்க. கோயில்ல அலங்காரத்துக்குள்ள பாத்த சாமிய இங்க சிலையா, முழுசா பாக்கலாம். நான் எத்தனையோ தடவை கூட்டிட்டுப் போயிருக்கேன், இன்னும் சலிக்கல.

மதியம் சாப்பிட்டதும் பிரிஞ்சுக்குங்க. அஞ்சு பேரும் எல்லா இடத்துக்கும் சேந்தே போகணும்னு ஒண்ணும் இல்ல. அம்மாவும் பிள்ளைங்களும் உங்களோட ரூம்ல தூங்கட்டும், வீட்டம்மா மட்டும் தி.நகர் போயிட்டு வரட்டும். எழும்பூர்ல எலக்ட்ரிக் டிரெயின் ஏறினா சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம், இறங்கினா ரங்கநாதன் தெரு. சாயங்காலம் அந்தத் தெருவுல சின்னப் பிள்ளைய கையில புடிச்சுக்கிட்டு நடக்கவே முடியாது, மதியம் கொஞ்சம் மூச்சு விடலாம்.

நாலரைக்கு எல்லாரும் ஒரு பெரிய டாக்ஸி பிடிச்சு மயிலாப்பூர் போங்க. மதியம் நடை சாத்தியிருக்கும், அதனால சாயங்காலம்தான் சரி. பறக்கும் ரயில்ல திருமயிலை ஸ்டேஷனும் இருக்கு, ஆனா அந்த படிக்கட்டு முட்டி வலிக்கு ஆகாது. மெட்ரோ வேலை நடக்குறதால லஸ் பக்கம் சுத்தி விடுவாங்க, அரை மணி நேரம் கூடவே வச்சுக்குங்க. கபாலீஸ்வரரை பாத்துட்டு ஆறு மணிக்கு மெரினா. ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் மணல்ல நடக்குறது அம்மாவுக்கு ரொம்ப கஷ்டம், அதனால விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல இறங்குங்க. மாற்றுத்திறனாளிகளுக்குன்னு போட்ட மரப்பாதை அங்க அலை பக்கம் வரைக்கும் போகுது, 2022ல திறந்தாங்க. எத்தனையோ பெரியவங்க ரோட்டோரமே உக்காந்து கடலைப் பாத்துட்டு திரும்பினவங்க, இந்த பாதை வந்தப்புறம்தான் கிட்ட போய் பாத்தாங்க. ஆனா பிள்ளைங்கள முழங்காலுக்கு மேல தண்ணில விடாதீங்கண்ணே, அந்த இழுப்பு நம்ம குத்தால தண்ணி மாதிரி இல்ல.

ஞாயித்துக்கிழமை ஆறரைக்கு ரூமை காலி பண்ணி பெட்டிய வண்டியிலயே போட்டுருங்க. ஏழு சீட்டு வண்டியா, ஒரு நாள் பேக்கேஜா பேசுங்க, தாம்பரத்துல இறக்கி விடணும்னு முதல்லயே சொல்லிருங்க. எட்டரைக்கெல்லாம் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டு, பெரியவங்களுக்கு 40 ரூபா, 15 வயசுக்கு கீழ ஃப்ரீ. வெயில் ஏறுறதுக்குள்ள இது ரெண்டையும் முடிச்சுட்டு அர்ச்சுனன் தபசு பாறைக்கு வாங்க. அந்தப் பாறையில செதுக்கியிருக்குற யானைக்கு கிட்ட ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி தவம் பண்ணிட்டு நிக்கும், சுத்தி எலிங்க. எங்க இருக்குன்னு நீங்க சொல்லாதீங்க, பிள்ளைங்களையே தேட விடுங்க, கண்டுபிடிச்சதும் கத்துவாங்க பாருங்க!

இப்ப வண்டலூர். அது 602 ஹெக்டேர், அதுக்கே ஒரு முழு நாள் வேணும். அதுக்குப் பதிலா மாமல்லபுரத்துல இருந்து திரும்புற வழியில வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கு, 1976ல ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சது, திங்கள்தான் லீவு. மர நிழல் இருக்கு, மதியத்துக்கு தோதான இடம், விலங்கு பாக்கணும்ங்கற பிள்ளைங்க ஆசையும் தீரும்.

அங்கேர்ந்து கிளம்பும்போது திரும்ப ஊருக்குள்ள மட்டும் போயிராதீங்க. ஞாயிறு சாயங்காலம் ஈசிஆர்ல ஊரே திரும்பும், எங்க சித்தி குடும்பம் அப்படித்தான் திருவான்மியூர்ல மாட்டி கண்ணு முன்னாடி டிரெயினை விட்டாங்க. கோவளத்துல திரும்பி கேளம்பாக்கம், வண்டலூர் வழியா தாம்பரம் வந்துருங்க. பொதிகை அங்கயும் நிக்கும். ஆனா டிக்கெட்ல போர்டிங் பாயின்ட் தாம்பரம்னு முன்னாடியே மாத்தி வச்சிருக்கணும், மாத்தினதுக்கப்புறம் எழும்பூர்ல ஏற முடியாது, அத மறந்துராதீங்க. ஏழு மணிக்கு ஸ்டேஷன் போயிட்டா ராத்திரி சாப்பாட்டை அங்க பக்கத்துலயே நிதானமா முடிச்சுட்டு ஏறலாம்.