மேல்மண்ண வித்துட்டு உர மூட்டையில ஈடுகட்ட முடியாது

கேள்வி: எனக்கு ஒரு ஏக்கர் நஞ்சை இருக்கு. செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் ஒரு அடி மேல்மண்ண மட்டும் வெட்டிக்கறேன், நல்ல ரேட்டு தர்றேன்னு கேக்கறார். கீழேயும் மண்ணுதானே இருக்கு? கொறையற சத்துக்கு ரெண்டு மூட்டை உரம் கூட போட்டா போச்சு. நீங்க என்னடான்னா இதழுக்கு இதழ் மண்வளம் மண்வளம்னு எழுதறீங்க. அப்படி என்னதான் இருக்கு அந்த மேல்மண்ணுல?
- வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: குடுக்காதீங்க. பணமுடை இருக்கும், புரியுது, இல்லாட்டி யாரும் வயல வெட்டிக் குடுக்க நெனைக்க மாட்டாங்க. ஆனா கீழேயும் மண்ணுதானேன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பு பண்றீங்க.

முதல்ல கணக்க பாருங்க. ஒரு ஏக்கர்ல ஒரு அடின்னா 1,200 கன மீட்டருக்கு மேல, எடையில 1,600 டன் பக்கம் வரும். 2, 3 சென்டிமீட்டர் மண்ணு உருவாகவே 1,000 வருஷம் வரைக்கும் ஆகலாம்னு ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு சொல்லுது, நீங்க விக்கப் போறது 30 சென்டிமீட்டர். ஆத்து வண்டல் படிஞ்ச நிலம்னா இன்னும் சீக்கிரமா சேர்ந்திருக்கும்தான், ஆனா இப்போ எந்த ஆறு உங்க வயலுக்கு வண்டல் கொண்டாந்து போடுது?

உரம் போட்டுக்கலாம்ங்கறீங்க. யூரியா மூட்டையில 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் இருக்கு, சரி, ஆனா அத பயிர் அப்படியே எடுத்துக்கறது ரொம்ப கொஞ்சம். மண்ணுல இருக்கற நுண்ணுயிருங்க சுரக்கற நொதிதான் யூரியாவ அமோனியமா ஒடைக்குது, அப்புறம் வேற பாக்டீரியா அதுல ஒரு பங்க நைட்ரேட்டா மாத்துது, இந்த ரெண்டு வடிவத்துலதான் வேரு பெரும்பாலும் எடுத்துக்குது. நீங்க நம்பற அந்த மூட்டைக்கே வேல செய்யற ஆளுங்க மேல்மண்ணுலதான் இருக்காங்க. ஒரு கிராம் நல்ல மண்ணுல கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கும், அதுங்களுக்கு சாப்பாடு மக்குன எலை, தாளு, வேரு, சாணி, இதெல்லாம் சேர்ற எடம் மேல ஒரு அடிதான். கீழ போகப் போக இதெல்லாம் வேகமா கொறைஞ்சுடும்.

மண் பரிசோதனை அட்டையில கரிமம்னு ஒரு வரி இருக்கும், மக்குன பொருள்ல இருக்கற கார்பன்தான் அது, அத எடுத்துப் பாருங்க. 0.5 சதவீதத்துக்கு கீழ இருந்தா கம்மின்னு அர்த்தம், நம்ம பக்கம் நெறைய வயல் அந்த கம்மியிலதான் ஓடுது. அந்த அரை சதவீதமே 1,600 டன்ல 8 டன் கரிமம். லாரியில ஏத்திட்டா அதுவும் சேர்ந்து சூளைக்கு போயிடும். காத்துமண்டலத்துலயும் மரஞ்செடியிலயும் இருக்கறத கூட்டுனாலும் அதவிட அதிக கரிமம் மண்ணுக்குள்ளதான் இருக்குங்கறப்போ, மண்ண அழிக்கறது ஒருத்தர் வயலோட முடியற சமாச்சாரம் கெடையாது.

நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே ஒண்ணு பண்ணிப் பாருங்க. வயலோட ஓரத்துல மம்புட்டியால ரெண்டடி ஆழம் வெட்டி, மேல இருந்து ஒரு மண்ணாங்கட்டி, ஒரு அடிக்கு கீழ இருந்து ஒண்ணு எடுத்து நெழல்ல காய வச்சு, ரெண்டு கண்ணாடி டம்ளர் தண்ணியில மெதுவா எறக்குங்க. மக்குன சத்து இருக்கற கட்டி ரொம்ப நேரம் ஒடையாம நிக்கும், தண்ணியும் பெருசா கலங்காது. சத்தில்லாதது சீக்கிரமே பொலபொலன்னு உதிர்ந்து சேறா அடியில படிஞ்சுடும். மழை பேஞ்சா வயல்லயும் அதேதான் நடக்கும், உதிர்ந்த மண்ணு துளைய அடைச்சுக்கும், தண்ணி உள்ள எறங்காது. 2015 வெள்ளத்துல குறிஞ்சிப்பாடி பட்ட பாடு உங்களுக்கு தெரியாததில்ல. மேல இருந்து வர்ற தண்ணியெல்லாம் வந்து வடியற கடலூர் மாவட்டத்துல இருந்துக்கிட்டு ஒங்க வயல மட்டும் ஒரு அடி தாழ்த்துனா, சுத்தியிருக்கற வயல் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து தேங்கும், அப்புறம் நாத்து அழுகுது நாத்து அழுகுதுன்னு வருஷாவருஷம் பொலம்ப வேண்டியதுதான்.

போன மண்ண மீட்க எவ்வளவு பாடுன்னு பாக்கணும்னா புதுச்சேரி பக்கத்துல ஆரோவில் இருக்கு. 1968ல ஆரம்பிக்கும்போது அது மரமில்லாத பொட்டல் செம்மண் மேடு, மழைக்கு மழை மேல்மண்ணு கரைஞ்சு ஓடி பள்ளம் பள்ளமா அறுத்து வச்சிருந்துச்சு. கரை கட்டி, தண்ணிய நிறுத்தி, கன்னு வச்சு, செத்தது போக திரும்ப வச்சு, பல வருஷம் ஒழைச்சுதான் இன்னிக்கு காடா நிக்குது. 2011ல வந்த ‘தானே’ புயல்ல நம்ம முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சப்போ திரும்ப கன்னு வைக்க முடிஞ்சுதுன்னா கீழ மண்ணு இருந்ததாலதான். அந்த மண்ணையே வித்துட்டா எதுல வைப்பீங்க?

இன்னொண்ணு, செங்கல் மண்ணு சட்டப்படி சிறு கனிமம். பட்டா நெலமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்டக்கூடாது, சூளைக்காரர் போயிடுவார், நோட்டீஸ் உங்க பேருக்குதான் வரும்.

அட்வான்ஸ் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. முடை அவசரம்னா ஒரு போகம் குத்தகைக்கு விடுங்க, நெலம் நெலமாவே திரும்ப வரும். நடவுக்கு முன்னாடி ரெண்டு மாசம் கெடைச்சா தக்கைப்பூண்டுங்கற பசுந்தாள் உரப்பயிர வெதச்சு, பூ எடுக்கற சமயத்துல, ஒரு 45 நாள்ல மடக்கி உழுதுடுங்க, யூரியா செலவும் கொறையும். வெதைக்கு உங்க வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துல கேளுங்க, பசுந்தாள் வெதை மானியத்துல வர்றப்போ சீக்கிரம் தீந்துடும், அதனால முன்னாடியே பேரு குடுத்து வச்சுடுங்க.