கேள்வி–பதில்: செயலி எழுதினால் மூளை மழுங்குமா?

கேள்வி: நான் கல்லூரி மாணவி. கட்டுரை என்றாலே செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறந்துவிடுகிறேன். வாதம் பிரமாதமாக வருகிறது, ஆனால் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் முழிக்கிறேன். தொழில்நுட்பம் நம்மை மக்காக்குகிறதா?

பதில்: இந்தப் பயம் ரொம்பப் பழசு. எழுத்து வந்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று சாக்ரடீஸ் கவலைப்பட்டதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார் (அவர் எழுதி வைத்ததால்தான் அதுவே நமக்குத் தெரிகிறது!). கருவிகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண்கள் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறவே செய்தன. அதனால் மொத்தமாகப் பயப்பட வேண்டாம்.

உங்கள் சிக்கல் வேறு. நாமே கட்டுரை எழுதும்போது, உதாரணமாக, கைபேசி கவனத்தைக் கெடுக்கிறது என்று முதல் பத்தியில் அடித்துச் சொல்லிவிட்டு, மூன்றாவது பத்தியில் அதே கைபேசியில் பாடம் கேட்டுத் தேறிய தோழியைப் பற்றி எழுதும்போது, அடடா, இரண்டும் இடிக்கிறதே என்று நின்று, திரும்பப் போய் முதல் பத்தியைத் திருத்துகிறோமே, அந்தத் தடுமாற்றம்தான் யோசனை. செயலி அதைத்தான் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. சரி, தூக்கிப் போடவும் வேண்டாம். முதல் வரைவை, எவ்வளவு மோசமாக இருந்தாலும், நீங்களே எழுதுங்கள். அப்புறம் அந்த வரைவை எதிர்த்து வாதாடச் செயலியிடம் சொல்லுங்கள். பதிலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.