மைலோவின் முழங்காலுக்கு 8,500 வெள்ளி

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு நாய் மைலோவுக்கு ஏழு வயது, 32 கிலோ, லாப்ரடார் கலப்பு. இரண்டு மாதமாக ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நடக்கிறான். வழக்கமாகப் போகும் கிளினிக்கில் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். ‘நவீன அறுவை சிகிச்சை இனி இங்கேயே’ என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள். எலும்பை வெட்டித் தகடு வைக்க 8,500 வெள்ளியாம். பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று பார்க்கிறோம். நம்பிக் கட்டலாமா? ஏதாவது தவறாகப் போனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தானே?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. போக முடியாது. வேறொரு சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுத் தொழில் செய்கிறவர்களின் சேவை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. வக்கீல் அப்படி. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறும் கால்நடை மருத்துவரும் அப்படித்தான். ஐஸ் பெட்டி பழுதென்றால் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை நடுவர் மன்றத்தில் கேட்கலாம். மைலோவின் காலுக்கு அந்தக் கதவு திறக்காது. மருத்துவரின் நடத்தையைப் பற்றி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். அது விசாரிக்கும், தண்டிக்கும், பணத்தை வாங்கித் தராது. பணம் வேண்டுமென்றால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி பேனரில் உள்ள ‘நவீனம்’. அவர்கள் சொல்வது டி.பி.எல்.ஓ. என்ற சிகிச்சையாக இருக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் பார்க்லே ஸ்லோக்கம் உருவாக்கி, 1993இல் எழுதி வெளியிட்ட முறை அது. முப்பது வருடம் தாண்டியது எனக்கு நிம்மதிதான். எங்கே சறுக்கும் என்பது இதற்குள் தெரிந்துவிட்டது. நாயின் கீழ்க்கால் எலும்பின் தலை பின்பக்கம் சரிந்திருக்கும். ஜவ்வு போனதும் ஒவ்வொரு அடிக்கும் அந்த எலும்பு முன்னால் வழுக்கும். உங்கள் ஆயர் ஈத்தாம் மேட்டில் ஹேண்ட்பிரேக் அறுந்த காரை நிறுத்தியது போல. இந்த முறையில் பிரேக்கை ஒட்டுவதில்லை, மேட்டையே சமப்படுத்துகிறார்கள். எலும்புத் தலையை வளைவாக வெட்டி, சற்றே திருப்பி, தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவார்கள். சின்ன நாய் என்றால் ஓய்வு, எடைக் குறைப்பு, அல்லது மூட்டுக்கு வெளியே நைலான் இழை கட்டும் மலிவான முறை போதும் என்று பார்க்கலாம். 32 கிலோவுக்கு அவர்கள் சொல்வது நியாயமான சிகிச்சைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கத்தி பிடிப்பது யார் என்பதுதான் என் சந்தேகம். பல கிளினிக்குகளில் வெளியிலிருந்து ஒரு சர்ஜன் வந்து, வெட்டிவிட்டு, மாலையே போய்விடுவார். அதில் தவறில்லை, ஆனால் உங்களுக்கு முன்பே தெரிய வேண்டும். போன வருடம் இதே சிகிச்சையை எத்தனை நாய்க்குச் செய்தார், அதில் எத்தனையை மறுபடி திறக்க வேண்டிவந்தது என்று அவரிடமே கேளுங்கள். நிறையச் செய்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மூன்று வருடம் தங்கிப் பயின்று தேர்வெழுதி வாங்கிய நிபுணர் பட்டமும் வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழும் சுவரில் மாட்டினால் ஒரே மாதிரிதான் இருக்கும். எது எதென்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் பார்க்கத் தனியாக ஓர் ஆள் உண்டா? ராத்திரி கிளினிக்கில் ஆள் இருப்பாரா, அல்லது கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் மழுப்பலாக வரும்.

8,500 என்பதை எழுத்தில் பிரித்து வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தகடு, தங்கும் நாள், மருந்து எல்லாம் அதற்குள்ளா? எட்டு வாரம் கழித்து எலும்பு கூடியதா என்று பார்க்கும் எக்ஸ்ரே? கிருமி தொற்றித் தகட்டைக் கழற்ற நேர்ந்தால் யார் செலவு? வாய்ப்பேச்சில் ‘பார்த்துக்கலாம்’ என்றால் கட்டாதீர்கள். எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்டு வாங்கி இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. உங்களுக்கு நெடுஞ்சாலையில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்தான், நொண்டும் நாயோடு சுலபமில்லை.

காப்புறுதியை இப்போது எடுத்து இந்தக் காலுக்குக் கேட்க முடியாது. மறு காலுக்கும் பல நிறுவனங்கள் கைவிரிக்கும். அதுதான் வயிற்றெரிச்சல், ஏனென்றால் ஏறக்குறைய பாதி நாய்களுக்குப் பின்னால் மறு காலும் போகிறது. எடையைக் குறைப்பது அதற்கும் சேர்த்துத்தான். மைலோவுக்கு ரொட்டி சானாய் போடுவது நீங்களா, பக்கத்து வீட்டுத் தாத்தாவா என்று கண்டுபிடியுங்கள்.

தேதிக்கு வருவோம். வெட்டிய எலும்பு ஒன்றுகூட எட்டு வாரமாவது பிடிக்கும். அதுவரை குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, வாரைப் பிடித்தபடி மட்டுமே நடை. நம் வீட்டு டைல்ஸ் தரையில் பாய் விரிக்காமல் விடவே கூடாது. ஐந்தாவது வாரத்தில் தெருவில் பட்டாசு வெடித்தால் மைலோ எங்கே பாய்வான் என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் அவசரப்படுத்தாவிட்டால் தீபாவளி கழியட்டும். அதுவரை வலி மருந்தும் கட்டிப்போட்ட ஓய்வும் எப்படி என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: பெண் பூனைக்குக் கருத்தடை. வயிற்றில் சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் செய்தால் சாதாரணக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். தேவையா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெரிய நாய்க்கு என்றால் யோசிக்கலாம். பூனைக்குச் சாதாரண முறையிலேயே வெட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். மிச்சப் பணத்தில் மயக்கத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையும் வீட்டுக்குக் கொடுத்துவிடும் வலி மருந்தும் கேட்டு வாங்குங்கள்.