அமெரிக்காவில் மல்லார்ட் வாத்து வளர்க்க அனுமதிச் சீட்டு வேண்டாம், ஆனால் அடையாளம் போட வேண்டும் என்கிறார்களே, ஏன், எப்படி?

மல்லார்ட் வலசை போகும் பறவை. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதைக் காக்கிறது. பண்ணையில் முட்டையிலிருந்து வளர்த்த வாத்தையும் ஏரியில் பிடித்த வாத்தையும் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால்தான் அடையாளம்.

குஞ்சுக்கு ஆறு வாரம் ஆவதற்குள் போட்டுவிட வேண்டும். நான்கு வழிகள் உண்டு: வலது காலின் பின்விரலை நீக்குவது, ஒரு சிறகின் நுனி எலும்பை நீக்குவது, கால் சவ்வில் எண்ணோ எழுத்தோ பச்சை குத்துவது, காலில் மூட்டில்லாத உலோக வளையம் மாட்டுவது.

நான் வளையத்தைத்தான் சொல்வேன். குஞ்சின் பாதம் சிறியதாக இருக்கும்போது முன்விரல்களைச் சேர்த்துப் பிடித்து, பின்விரலைக் காலோடு மடக்கி, வளையத்தை மேலே தள்ளினால் போதும், வெட்டுக்காயம் இல்லை. பாதம் வளர்ந்தபின் கழலாது. வளர்ந்த காட்டு வாத்துக்கு மாட்டவும் முடியாது. அளவு மட்டும் சரியாக இருக்கட்டும், இறுகினால் கால் வீங்கிவிடும்.

இறைச்சிக்குக் கொன்றாலும், சமைக்கத் தயார் செய்யும்வரை அடையாளமுள்ள காலோ சிறகோ உடலோடு இருக்க வேண்டும் என்பதே பொது விதி.