ஈவ் ஆன்லைனில் பிவிபி: புதியவர்கள் கேட்டவை

விண்கப்பல்களை ஓட்டும் இணைய ஆட்டமான ஈவ் ஆன்லைனில் பாறை வெட்டியும், கணினி ஓட்டும் கொள்ளையர்களைச் சுட்டும் அலுத்துப்போய், இனி மனிதர்களோடு மோதிப் பார்க்கலாம் (இதுதான் பிவிபி) என்று கிளம்பியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் பெரும்பாலும் சின்னக் கப்பல்களில், தனியாகவோ மூன்று நான்கு பேராகவோ, பாதுகாப்பு குறைந்த லோசெக்கில் திரிகிறவன். ஆயிரக்கணக்கானோர் கூடும் போர்களைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

நிலவன்: அண்ணா, நான் காசு கட்டாத ஆல்ஃபா கணக்கில் ஆடுகிறேன். இந்த ஆட்டம் 2003-இல் வந்தது. அப்போதிருந்து ஸ்கில் ஏற்றியவர்களிடம் போய் நான் என்ன கிழிக்க முடியும்?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே கிழிக்கலாம். எந்த ஸ்கில்லுக்கும் ஐந்தாம் நிலைதான் உச்சம். இருபது வருடக்காரருக்கும் அதற்கு மேல் கிடையாது. அவருடைய புள்ளிகளில் பெரும்பகுதி கேப்பிட்டல் எனும் ராட்சதக் கப்பல், உற்பத்தி, வணிகம் என்று பரவிக் கிடக்கும். நீங்கள் இருவரும் ரிஃப்டர் என்ற ஃப்ரிகேட்டில் (சிறிய போர்க்கப்பலில்) மோதினால் கணக்கில் வருவது ஃப்ரிகேட், சிறு பீரங்கி, கவசம், கெப்பாசிட்டர் (கப்பலின் மின்சேமிப்பு) போன்ற சில ஸ்கில்கள் மட்டும்தான். அவற்றை நான்காம் நிலைக்குக் கொண்டுவர அதிக நாள் பிடிக்காது. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகத்தான் காத்துக்கிடக்க வேண்டும், அதில் கிடைக்கும் லாபமும் பெரும்பாலும் சில சதவீதம்தான்.

2016 நவம்பரில் அறிமுகமான ஆல்ஃபா கணக்கில் 50 லட்சம் ஸ்கில் புள்ளி வரை ஏற்றலாம். ஃப்ரிகேட் சண்டைக்கு அது தாராளம். முதலில் எல்லாக் கப்பலுக்கும் பயன்படுகிற அடிப்படை ஸ்கில்களை ஏற்றுங்கள். 'மேஜிக் 14' என்று கேட்டால் ஆடுகிற யாரும் பட்டியலைச் சொல்வார்கள்.

யாளி: முதல் கப்பலாக எதை வாங்கலாம்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், பத்து பெயர் சொல்லிக் குழப்பாதீர்கள்.

பதில்: மெர்லின். ஆட்டத்தின் நான்கு பேரரசுகளில் ஒன்றான கால்டாரியின் ஃப்ரிகேட். ஷீல்டு (கப்பலைச் சுற்றிய ஆற்றல் கவசம்) போட்டு, பிளாஸ்டர் என்ற குறுந்தூரப் பீரங்கி மாட்டி, கிட்டப் போய் அடிக்கிற கப்பல். நெளிவு சுளிவு குறைவு, அதனால் கற்றுக்கொள்ள நல்லது.

சரி, ஒரு பெயரோடு நிறுத்த மனம் வரவில்லை. காலன்டே பேரரசுக்காரராக இருந்தால் இன்கர்சஸ் கிட்டத்தட்ட அதே வேலையை ஆர்மரில் (தகட்டுக் கவசத்தில்) செய்யும். ட்ரிஸ்டன் டிரோன்களை அனுப்பித் தள்ளி நின்று அடிக்கும். கெஸ்ட்ரலின் ஏவுகணையில் எந்த வகைச் சேதம் வேண்டுமோ அந்தக் குண்டைப் போட்டுக்கொள்ளலாம். எதிராளியின் ஷீல்டு இஎம் (மின்காந்த) சேதத்துக்கும், ஆர்மர் வெடிப்புச் சேதத்துக்கும்தான் பொதுவாகப் பலவீனமானவை என்பதால் இந்த வசதி சும்மா இல்லை.

எதை எடுத்தாலும் ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ஒரே ஃபிட்டில் (கருவி அமைப்பில்) பத்து கப்பலை வாங்கி, சண்டை நடக்கும் பகுதிக்குப் பக்கத்து ஸ்டேஷனில் அடுக்கி வையுங்கள். பத்தும் போகும். போகட்டும் என்றுதான் வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே கப்பலில் சாகும்போதுதான் எது கப்பலின் குறை, எது நம் கையின் குறை என்று பிரித்துப் பார்க்க முடியும். இன்சூரன்ஸ் கப்பலின் உடலுக்கு மட்டும் பணம் தரும். உள்ளே மாட்டியிருக்கும் மாடியூல்களுக்குத் தராது. ஆகவே ஆரம்பத்தில் விலையுயர்ந்த மாடியூல் வேண்டாம்.

இரும்புத்தும்பி: எங்கே போய்ச் சண்டை தேடுவது? ஹைசெக்கில் ஒருவரைச் சுட்டேன், அடுத்த சில நொடிகளில் கான்கார்டு வந்து என்னைத் தூளாக்கிவிட்டது.

பதில்: ஹைசெக்கில், அதாவது பாதுகாப்பு எண் 0.5 முதல் 1.0 வரை உள்ள இடங்களில், காரணமில்லாமல் சுட்டால் கான்கார்டு என்ற காவல்படை வரும், அதை வெல்ல முடியாது. அங்கே நியாயமாக மோத வேண்டுமானால் டூயல் (ஒற்றைக்கு ஒற்றை) அழைப்பு அனுப்பி, எதிராளி ஏற்ற பிறகு சுடலாம். பழக நல்ல வழிதான், ஆனால் ஸ்டேஷன் வாசலில் டூயலுக்குக் கூப்பிடும் முன்பின் தெரியாதவரை நம்பாதீர்கள். அவருக்குப் பின்னால் ஆள் இருக்கும்.

0.0-உம் அதற்குக் கீழும் நல்செக். அங்கே வார்ப் (அதிவேகப் பாய்ச்சல்) செய்ய விடாத குமிழிகள் உண்டு, சிக்கினால் கப்பலும் போகும், கப்பல் வெடித்ததும் நீங்கள் தப்பும் சிறு கூண்டான பாடும் போகும். வார்ம்ஹோல் வழியே போகும் பகுதிகளில் யார் இருக்கிறார்கள் என்று லோக்கல் சாட் (அந்தச் சிஸ்டத்தில் இருப்பவர்களின் அரட்டை) பட்டியலே காட்டாது. இரண்டும் பிறகு பார்க்க வேண்டிய இடங்கள்.

நான் சொல்வது லோசெக், அதாவது 0.1 முதல் 0.4 வரை. அதிலும் ஃபேக்ஷன் வார்ஃபேர் (பேரரசுகளுக்கு இடையிலான போர்) நடக்கும் பகுதிகள். காலன்டே–கால்டாரி, அமார்–மின்மட்டார் என்று இரண்டு எல்லைகள் உண்டு. அங்குள்ள காம்ப்ளெக்ஸ்களின் (இரு தரப்பும் போட்டியிடும் சிறு களங்களின்) நுழைவு கேட் குறிப்பிட்ட அளவுக்கு மேலான கப்பலை உள்ளே விடாது. மிகச் சிறியதில் நீங்கள் ஃப்ரிகேட்டோடு காத்திருந்தால் வருவதும் ஃப்ரிகேட்தான். அதைவிடப் பெரிய க்ரூஸர் வந்து நசுக்கிவிடும் என்ற பயம் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: வருகிறவர் எங்கே வந்து இறங்குவார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். கிட்டப்போய் அடிக்கிற கப்பலானால் இறங்கும் இடத்திலேயே உட்காருங்கள். தள்ளி நின்று அடிப்பதானால் இருபது கிலோமீட்டருக்கு மேல் விலகி நில்லுங்கள். சண்டையின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

தூமகேது: ஸ்க்ராம், பாயின்ட், வெப் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. துப்பாக்கி நன்றாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. இந்த ஒரு கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஃப்ரிகேட் சண்டை என்பதே இதுதான்.

ஈவில் யாரும் தோற்கும்வரை நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். நிலைமை மோசமானால் வார்ப் அடித்து ஓடுவார்கள். ஓடவிடாமல் பிடிப்பதுதான் டாக்கிள். அதற்கு இரண்டு கருவிகள். வார்ப் டிஸ்ரப்டர், இதைத்தான் 'பாயின்ட்' என்பது, இரண்டாம் தரத்தில் 24 கிலோமீட்டர் எட்டும். வார்ப் ஸ்க்ராம்ப்ளர் 9 கிலோமீட்டர்தான் எட்டும், ஆனால் பிடி இரட்டிப்பு. அதோடு எதிராளியின் மைக்ரோவார்ப்டிரைவ் என்ற வேகக் கருவியையும் அணைத்துவிடும். வெப் 10 கிலோமீட்டருக்குள் அவருடைய வேகத்தைப் பாதிக்கு மேல் குறைக்கும்.

இப்போது இதை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மைக்ரோவார்ப்டிரைவ் போட்டவர் மிக வேகமாகப் பறப்பார். கூடவே அவர் கப்பலின் சிக்னேச்சர் (ரேடாரில் தெரியும் அளவு) பல மடங்கு பெருத்து, சுடுவதற்கு எளிதான இலக்காகிவிடும். ஆஃப்டர்பர்னர் என்ற இன்னொரு வேகக் கருவியில் வேகம் குறைவு, ஆனால் ஸ்க்ராம் அதை அணைக்காது. ஆகவே இருவரும் ஸ்க்ராம் தூரத்துக்குள் வந்துவிட்டால், ஆஃப்டர்பர்னர்காரர் நகர்ந்துகொண்டிருப்பார், மைக்ரோவார்ப்காரர் ஆணி அடித்த மாதிரி நிற்பார். அதே மைக்ரோவார்ப்காரர் 20 கிலோமீட்டரில் விலகியே சுற்றினால், ஆஃப்டர்பர்னர்காரர் கிட்டவும் வர முடியாமல், பாயின்ட் பிடித்திருப்பதால் ஓடவும் முடியாமல் மெல்ல மெல்லச் சாவார். முன்னதை ப்ராலிங் என்றும் பின்னதை கைட்டிங் என்றும் சொல்வார்கள்.

அதனால் எதிரியின் கப்பல் பெயரைப் பார்த்ததும் மனதில் எழ வேண்டிய முதல் கேள்வி இது: இவன் எந்தத் தூரத்தில் இருக்க ஆசைப்படுவான்? அந்தத் தூரத்தை அவனுக்குக் கொடுக்காதீர்கள். ஆர்பிட் (தானாகச் சுற்றும்) பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் சரிவராது. கைட்டிங் செய்பவரை நோக்கி நேராக ஓடினால் பக்கவாட்டு வேகம் சுழியமாகி, அவருடைய குண்டெல்லாம் உங்கள் மேல் விழும். வெற்று விண்வெளியில் இரண்டு முறை கிளிக் செய்தால் கப்பல் அந்தத் திசையில் திரும்பும். அப்படிக் கையால் ஓட்டிச் சாய்வாக நெருங்கப் பழகுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. தெர்மோடைனமிக்ஸ் ஸ்கில் இருந்தால் மாடியூல்களை ஓவர்ஹீட் செய்யலாம். ஸ்க்ராமும் வெப்பும் கொஞ்சம் கூடுதல் தூரம் எட்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் பல சண்டைகள் முடிவாகின்றன. அதிக நேரம் சூட்டில் விட்டால் மாடியூல் எரிந்துபோகும், அவ்வளவுதான்.

வால்மீன்: என்னை யார் கொன்றார்கள் என்று தெரிவதற்குள் செத்துவிடுகிறேன். அவர்கள் எங்கிருந்துதான் வருகிறார்கள்?

பதில்: டி-ஸ்கேன் அழுத்தாமல் இருந்திருப்பீர்கள். அந்த டைரக்ஷனல் ஸ்கேனர் சுமார் 14.3 ஏயூ (ஒரு ஏயூ பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) வரை காட்டும். லோக்கலில் புதிய பெயர் வந்ததும் முழு 360 பாகையில் ஒரு முறை அழுத்தினால் என்ன கப்பல்கள் சுற்றி இருக்கின்றன என்று தெரியும். பிறகு கோணத்தைக் குறுக்கி, உங்கள் காம்ப்ளெக்ஸின் கேட் பக்கம் திருப்பி அழுத்திக்கொண்டே இருங்கள். கப்பல் அந்தக் குறுகிய கோணத்தில் தெரிந்தால் உங்களைத் தேடித்தான் வருகிறது. சில நொடிகளுக்கு ஒரு முறை அழுத்துவது பழக்கமாகிவிட வேண்டும். டிஸ்கவுன்ட் கிடையாது.

செங்கால்: லோசெக்கில் ஒருவர் கேட் (அடுத்த சிஸ்டத்துக்குத் தாவும் வாசல்) பக்கத்தில் நின்றார். சுட்டேன். கேட்டின் துப்பாக்கிகள் என்னைச் சுட்டன. இது என்ன அநியாயம்?

பதில்: லோசெக் கேட்டிலும் ஸ்டேஷனிலும் காரணமில்லாமல் முதலில் சுட்டவரைத்தான் அவை தாக்கும். ஃப்ரிகேட் தாங்காது. காம்ப்ளெக்ஸுக்குள்ளோ அஸ்டிராய்டு பெல்ட்டிலோ சண்டையை வையுங்கள். அங்கே துப்பாக்கி இல்லை, ஆனால் சஸ்பெக்ட் (சந்தேக நபர்) நிலை 15 நிமிடம் ஒட்டிக்கொள்ளும். அதுவரை யார் வேண்டுமானாலும் உங்களைச் சுடலாம். ஃபேக்ஷன் வார்ஃபேரில் எதிரணியைச் சுட்டால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இன்னொன்று: நீங்கள் சுட்ட பிறகு 60 நொடிக்கு ஸ்டேஷனில் நுழையவோ கேட் தாண்டவோ முடியாது. தோற்கிறோம் என்று லாக் ஆஃப் செய்தாலும் கப்பல் மறையாது. கடைசி மோதலிலிருந்து 15 நிமிடம் அங்கேயேதான் இருக்கும்.

பூங்குருவி: கப்பல் போனாலும் பரவாயில்லை, பாடும் போய்விடுகிறது. தலையில் பொருத்திய இம்ப்ளான்ட் எல்லாம் போச்சு. எப்படித் தப்புவது?

பதில்: லோசெக்கில் குமிழி கிடையாது என்பதால் பாட் பெரும்பாலும் தப்பிவிடும், நீங்கள் முந்திக்கொண்டால். கவசம் தீர்ந்து உடல் எரியத் தொடங்கும்போதே ஓவர்வியூ பட்டியலில் ஒரு கிரகத்தைத் தேர்ந்தெடுத்து, வார்ப் பொத்தானை விடாமல் தட்டுங்கள். கப்பல் வெடித்து பாட் வெளிவரும் நொடியில் அது புறப்பட்டுவிடும். அந்த நேரத்தில் மீண்டும் ஒரு முறை சுடலாமா என்று யோசிக்காதீர்கள். இம்ப்ளான்ட் இல்லாத ஜம்ப் க்ளோனில் (மாற்று உடலில்) சண்டைக்குப் போவது இன்னும் உத்தமம். பாடைக் கொன்றவர் உங்கள் சடலத்தை எடுத்துப்போய்ச் சேர்த்துவைத்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதற்கென்றே சிலர் இருக்கிறார்கள்.

மின்மினி: சண்டை என்றதும் கை நடுங்குகிறது. எந்தப் பொத்தான் எங்கே என்று மறந்துபோகிறது. எனக்கு மட்டும்தானா?

பதில்: எல்லோருக்கும்தான். இழந்தால் நிஜமாகவே போய்விடும் என்பதால் இந்த ஆட்டத்தில் அது கொஞ்சம் அதிகம். பல வருடம் ஆடியவர்களுக்கும் தனிச் சண்டையில் இதயம் படபடக்கும். மாடியூல்களை எல்லாக் கப்பலிலும் ஒரே வரிசையில் வைத்து, மவுசை விட்டுவிட்டு விசைப்பலகையில் இயக்குங்கள். கை தானாகப் போகும். படபடப்பு போய்விட்டால் ஆட்டமே சப்பென்று ஆகிவிடும், அதனால் அதை நான் விரட்டச் சொல்ல மாட்டேன்.

கடம்பன்: தனியாக நின்ற வென்ச்சர் என்ற சுரங்கக் கப்பலைப் பார்த்து ஸ்க்ராம் போட்டேன். அது சாவகாசமாக வார்ப் அடித்துப் போய்விட்டது. ஹேக் செய்கிறார்களா?

பதில்: இல்லை. வென்ச்சருக்குப் பிறவியிலேயே வார்ப் பலம் கூடுதலாக இரண்டு உண்டு. ஸ்க்ராமின் பலமும் இரண்டு, சரிக்குச் சரியாகிவிடும். கூடவே ஒரு டிஸ்ரப்டரும் வேண்டும், அல்லது நண்பர் வேண்டும். தப்பிப் போகாமல், உங்களைப் பார்த்தும் அசையாமல் ஒரு வென்ச்சர் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அது தூண்டில், ஆட்கள் அடுத்த சிஸ்டத்தில் இருப்பார்கள்.

அலைமகள்: பெரிய ஃப்ளீட்டில் புதியவருக்கு வேலை உண்டா, வெறும் கூட்டத்துக்கு ஒரு ஆளா?

பதில்: உண்டு. மலிவான ஃப்ரிகேட்டில் ஓடிப்போய் எதிரியின் பெரிய கப்பலை ஸ்க்ராம் போட்டுப் பிடித்தால், நீங்கள் செத்தாலும் அதை மற்றவர்கள் முடித்துவிடுவார்கள். ஃப்ளீட் கமாண்டர் பேசும்போது குரல் சேனலில் அரட்டை கூடாது. அவர் சொல்லும் பெயரை மட்டும் சுட வேண்டும். 2004 முதல் இயங்கும் ஈவ் யூனிவர்சிட்டி புதியவர்களுக்கு இதைப் பாடமாகவே நடத்துகிறது.

மாபெரும் போர்களைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி சிஸ்டத்தில் 75 டைட்டன்கள் (ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்கள்) அழிந்தன. ஒரு சிஸ்டத்தின் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விடுபட்டதில் தொடங்கியது அது. 2020 டிசம்பர் கடைசியில் எம்2-எக்ஸ்எஃப்இ-யில் 250-க்கும் மேல். இருந்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சரி. ஆனால் சர்வர் தாங்குவதற்காக நேரம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்படும். ஒரு பொத்தான் அழுத்திவிட்டு அது நடக்கும்வரை காத்திருக்கும் அனுபவம் எல்லோருக்கும் ஒத்துவராது.

வேழம்: பொறுமை இல்லை தல. பணம் போட்டு பிளெக்ஸ் வாங்கி விற்று, நேராக பேட்டில்ஷிப்பில் போய்விட்டால் இந்த ஃப்ரிகேட்காரர்களை ஊதித் தள்ளலாம் அல்லவா?

பதில்: பெரிய பீரங்கி மெதுவாகத் திரும்பும். கிட்டே வந்து ஐந்நூறு மீட்டரில் சுற்றுகிற ஃப்ரிகேட்டை அதனால் பெரும்பாலும் அடிக்கவே முடியாது. வெப், எதிராளியின் மின்சக்தியைத் தீர்க்கும் நியூட், டிரோன் இவற்றைச் சரியாக இயக்கத் தெரிந்தவர் அந்த பேட்டில்ஷிப்பில் தப்பிப்பார். நீங்கள் ஸ்க்ராமில் மாட்டி நிற்பீர்கள், லோக்கலில் செய்தி பரவி நாலா பக்கமிருந்தும் ஆள் வரும், உங்கள் கில்மெயில் என்ற இழப்பு அறிக்கையைப் பார்த்து அந்த வட்டாரமே சிரிக்கும். பிளெக்ஸ் விற்கத்தான் போகிறீர்கள் என்றால், அதில் வரும் ஐஎஸ்கேவுக்கு (ஆட்டத்தின் காசுக்கு) மெர்லினாக வாங்கி அடுக்குங்கள். ஒவ்வொன்றும் வெடித்த பிறகு உங்களைக் கொன்றவரிடம் லோக்கலில் 'நல்ல சண்டை' என்று சொல்லிவிட்டு, என்ன ஃபிட் போட்டிருந்தார், நான் எங்கே விட்டேன் என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்து விளக்குவார்கள், சிலர் அடுத்த கப்பலுக்குப் பணமும் அனுப்புவார்கள்.